தூம்பா போகும் வழி

"எங்கய்யா வழி?"

முன்னால் வலது பக்கம் தோள் கொடுத்திருந்த ரெத்தினம் நின்றுவிட்டான். அவன் நின்றதும் மற்ற ஐந்து பேரும் நிற்கவேண்டியதாயிற்று. தோளில் இருந்த தூம்பா, பிணம் தூக்கும் மரக்கட்டில், ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அதன் மேல் கட்டியிருந்த சவப்பெட்டி நகரவில்லை. கயிறு பிடித்துக்கொண்டது.

மழை பெரிதாக இல்லை. விடியலிலிருந்து விடவும் இல்லை. வாய்க்கால் மதகைத் தாண்டியதும் மண்சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் குடமுருட்டி ஆற்றின் கரை. கரையடியில் கருவைப் புதர்களுக்கு நடுவே சில சிமெண்ட் சிலுவைகள். அங்கே குழி வெட்டியாயிற்று. ரெத்தினத்தின் மச்சான் குழிக்குள் நின்று வாளியால் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"நேராப் போடா," என்றான் பின்னால் நின்றவன்.

"நேராத்தான் பாக்குறேன். நீ வந்து காட்டு."

வயல் முழுக்கப் பச்சையாக இருந்தது. மதகிலிருந்து கரைவரை பயிர், சீப்பால் வாரிவிட்டதுபோல வரிசை வரிசையாக நின்றது. எங்கேயும் ஒரு முழம் இடைவெளி இல்லை.

பெட்டிக்குப் பின்னால், இயேசு தொங்கும் சிலுவையான பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அடைக்கலமும் அதைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்தவள் அவருடைய அக்கா சவரியம்மாள். அவருக்குக் குடை பிடித்தவள் அக்காவின் மகள் எழில்மொழி. கும்பகோணத்தில் நர்ஸாக இருக்கிறாள். உயிர் போனது முந்தின நாள் காலையில். கரண்ட் இல்லாமல் ஐஸ் பெட்டி இரவே நின்றுபோயிற்று. சாமியார் கோயிலில் பூசை வைத்துவிட்டு, அடுத்த ஊரில் வெள்ளம் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்து அங்கே போய்விட்டார். கல்லறைச் செபத்தை அடைக்கலமே சொல்லிக்கொள்ளட்டும் என்று சொல்லிப் போனார். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கரையடியில் குழி வெட்ட இடம் இருக்காது. அக்காவை இன்றே மண்ணில் வைத்தாக வேண்டும்.

"என்ன மாமா, ஏன் நிக்கிறாங்க?" என்றாள் எழில்மொழி.

ஏன் நிற்கிறார்கள் என்று அவருக்கு மெதுவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

அந்த வயலில் எப்போதும் ஒரு பட்டை நடாமல் கிடக்கும். மதகிலிருந்து கரைவரை, இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற அகலம். தூம்பாவைத் தோளில் வைத்தால் அவ்வளவு வேண்டும். வரப்பில் போக முடியாது. சாலை கேட்டு ஊரார் பல தடவை மனுக் கொடுத்தார்கள். அளந்துகொண்டு போனார்கள். சாலை வரவில்லை. பட்டை இருந்தது.

அதை விட்டவர்கள் நடவுப் பெண்கள். குறுவையானாலும் சம்பாவானாலும் அந்த இடம் வந்ததும் குனிந்தபடியே காலை எட்டிவைத்துத் தாண்டி அந்தப் பக்கம் நடுவார்கள். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. புதிதாக வந்த பெண் தெரியாமல் நாற்றை ஊன்றப்போனால் பக்கத்தில் நிற்பவள் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். அதற்குப் பெயரும் கிடையாது. நட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் யாருக்கோ நாள் குறித்ததாகிவிடும் என்று ஒரு பயம். குத்தகைக்காரர்கள் மாறினார்கள். புதிதாக வந்தவன் முதல் வருடம் வரப்பில் நின்று பார்ப்பான், புரிந்துகொள்வான், வாயை மூடிக்கொள்வான். பட்டையில் கோரையும் அல்லியும் முளைக்கும். ஊர் ஆண்களுக்கு அது யாரோ செய்துவைக்கிற காரியமாகவே தோன்றியதில்லை. செத்தால் போக வழி இருக்கும். ஆறு இருக்கிறது, கரை இருக்கிறது, அதுபோல அதுவும் இருந்தது.

கடைசி இருபது வருடமாக அந்த நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போனவள் சவரியம்மாள்தான்.

இந்த வருடம் நடவு எந்திரத்தில் நடந்தது.

அடைக்கலம் தெற்குத் தெருவில் பிறந்தவர். அப்பா பண்ணையாள். அக்கா அவரைவிட நான்கு வயது மூத்தவள். பையன் பூசையில் நன்றாகப் பதில் சொல்கிறான் என்று அப்போதிருந்த சாமியார் அவரைச் சிறு குருமடத்துக்கு அனுப்பிவைத்தார். அக்கா அதற்கு முன்பே வயலில் இறங்கிவிட்டாள். குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பையன்கள் அதைக் கசப்பு மருந்துபோல விழுங்கினார்கள். இவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சொல் வாக்கியத்தில் எங்கே நின்றாலும் அதன் வால் அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதில் ஏமாற்று இல்லை. தமிழில் உருபு ஒட்டுவதுபோலத்தான் என்று அவருக்கு உடனே பிடிபட்டது.

குருப்பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டார். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். அக்காவிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார்.

"எனக்கு இலக்கணத்து மேல இருக்கற நம்பிக்கை மத்ததுல இல்லக்கா."

"அதுக்குச் சோறு போடுவாங்களா?"

போட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வேறொரு குருமடத்தில் லத்தீன் வாத்தியார் வேலை கிடைத்தது. திருவையாறு வந்து பஸ் மாறிப் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா புருஷன் பாம்பு கடித்துச் செத்தபிறகு அக்காவும் குழந்தையும் இவரோடு வந்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பஸ், மத்தியானம் வகுப்பு, மாலையில் பஸ். நடுவில் அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்.

லத்தீன் வாத்தியார்கள் முதல் வகைப் பெயர்ச்சொல்லுக்கு மாதிரியாக ரோஜாவையோ மேசையையோ எடுத்துக்கொள்வது வழக்கம். அடைக்கலம் எடுத்துக்கொண்டது கல்லறையை. பலகையில் தமிழ் எழுத்திலேயே எழுதுவார்: தும்ப, தும்பே, தும்பே, தும்பம், தும்பா. கல்லறை, கல்லறையினுடைய, கல்லறைக்கு, கல்லறையை, கல்லறையில். விளியை விட்டுவிடுவார். கல்லறையை யாரும் கூப்பிடப்போவதில்லை என்பார். லத்தீன் எழுத்தில் முதலாவதும் கடைசியும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது குறில், கடைசி நெடில், வாயில்தான் வித்தியாசம். "நம்ம ஊர்ல தூம்பான்னு நீட்டித்தான் சொல்றோம். பேர் சொல்றப்பவே ஆளை உள்ள வச்சிட்டோம்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். எந்த வருடமும் யாரும் சிரித்ததில்லை.

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா என்று ஒருமுறை குருமட அதிபர் கேட்டார்.

"இது அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தை ஃபாதர்."

உண்மைதான். வகுப்பில் பாதிப் பேர் தூம்பா தூக்குகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

அந்தச் சொல்லின் பாட்டையை அவர் குருமடத்து அகராதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி எடுத்தார். பழைய ரோமாபுரிக்காரர்களிடம் அது இல்லை. கல்லறைக்கு அவர்களுக்கு வேறு சொல் இருந்தது. இது கிரேக்கத்திலிருந்து பிற்காலத்தில், கிறிஸ்தவர்கள் எழுதிய லத்தீனில் வந்து சேர்ந்தது. கிரேக்கத்தில் தும்போஸ். அங்கே அது ஆண்பால். அர்த்தம், மண்மேடு, செத்தவன் மேல் ஊரே கூடிக் குவிக்கிற மேடு. லத்தீனுக்கு வந்ததும் பெண்பாலாகி, மேட்டை விட்டுவிட்டுக் கல்லறையாயிற்று. போர்ச்சுகீசில் அது செத்தவரைத் தூக்கிப்போகும் கட்டில். கப்பல்காரர்களும் சாமியார்களும் அதைக் கடற்கரையில் இறக்கினார்கள். அங்கிருந்து ஆற்றோரமாக ஏறி ஏறி இந்த ஊர்க் கோயில் கொட்டகைக்கு வந்து நின்றது: இலுப்பை மரத்தில் இரண்டு நீளச் சட்டம், நான்கு கால், தலைமாட்டில் ஒரு சிலுவை. இந்த ஊர்த் தூம்பா மண்ணுக்குள் போவதில்லை. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடும். கிரேக்கத்துக்கு முன்னால் அந்தச் சொல் எங்கே இருந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வீங்குதல் என்ற வேரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. கிரேக்கருக்கு முன்பே அந்த மண்ணில் இருந்து, பேர் தெரியாமல் போனவர்களின் சொல் என்று இன்னொரு கட்சி. அடைக்கலம் இரண்டாவது கட்சி.

இதை வீட்டில் ஒருநாள் சொன்னார். அக்கா நடவிலிருந்து வந்து விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"தூம்பா நம்ம வார்த்தை இல்லக்கா. ரோமாபுரியிலேர்ந்து வந்தது."

"அப்ப அங்கயும் சாவுறாங்களா?"

"அந்த ஊர்ல ஒவ்வொரு வார்த்தையும் ஆம்பள பொம்பளன்னு இருக்கும். இது பொம்பள."

"பின்ன? சொமக்குறதுன்னா பொம்பளையாத்தான இருக்கும்."

"மொதல்ல ஆம்பளையாத்தான் இருந்துச்சு. மேடுன்னு அர்த்தம்."

அவள் எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மேடா குந்திக்கிட்டு இருந்தவரைக்கும் ஆம்பள. சொமக்க ஆரம்பிச்சதும் பொம்பளையாயிட்டான். இதப் படிக்கத்தான் ஒனக்கு இத்தன வருஷமாச்சா தம்பி?"

போன ஆடியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆவணியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவள் படுத்ததும் நடவுக் கும்பல் கலைந்தது. சிலர் திருப்பூருக்குப் போனார்கள். சிலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். புரட்டாசியில் வீரையனுக்கு நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை.

வீரையன்தான் அந்த வயலின் குத்தகைக்காரன். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். வீரையனும் கூலிக்கு இறங்கியவன்தான். சின்ன வயதில் சவரியம்மாளின் கும்பலுக்கு நாற்றுக்கட்டு சுமந்து போட்டவன். சொந்தமாக ஏர் கட்டியது இந்த மூன்று வருடமாகத்தான். போன வருடம் பயிர் முழுகிப்போயிற்று. பருவம் தப்பிக்கொண்டு வருகிறது என்று அவன் வந்து திண்டாடியபோது, அடைக்கலம்தான் குருமடத்து வயலுக்கு வந்த எந்திரக்காரனின் நம்பரை வாங்கிக் கொடுத்தார். நடவன்று அவருக்கு விடுமுறை. நாற்றுப்பாய் எடுத்துவர வீரையன் டிராக்டரோடு போயிருந்தான். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் அடைக்கலம். எந்திரக்காரன் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்.

"சார், அந்தக் கரை வரைக்கும் நேரா அடிச்சிரவா?"

"அடிப்பா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"நட்டாச்சா?"

"ஒரே நாள்ல முடிஞ்சுதுக்கா. ஒரு எடம் பாக்கி இல்ல."

"ஒரு எடங்கூடவா?"

"ஒரு எடங்கூட."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வரிசை நேரா இருக்கா?" என்றாள்.

"நூல் புடிச்ச மாதிரி."

"சரி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வலி என்று நினைத்து அவர் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது மதகில் நின்றபோதுதான் அடைக்கலத்துக்கு அந்த 'சரி' கேட்டது. படுக்கையில் கிடக்கிறவள் அந்தப் பட்டையைக் கேட்டால் அது தனக்காகக் கேட்டதாகும். நட்டதைப் பிடுங்கச் சொன்னதாகும். அவள் கேட்கவில்லை. அதன்பிறகு ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி புகட்டியிருக்கிறார்.

வீரையன் கிழக்கு வரப்பில் ஓடி வந்தான். தலையில் துண்டைப் போட்டிருந்தான். சாவு வீட்டுக்குக் காலையிலேயே வந்து மாலை போட்டுவிட்டு, வடிகால் வெட்டிவிடப் போயிருந்தவன்.

"வாத்தியாரே," என்றான். பயிரையும் தூம்பாவையும் மாறிமாறிப் பார்த்தான். "இதுக்குள்ளயா?"

"வேற எதுக்குள்ள? உன் வீட்டுக்குள்ளயா?" என்றான் ரெத்தினம்.

"தொண்டக்கதிரா இருக்குங்க. இன்னும் நாலு நாள்ல வெளிய வந்துரும். சூல் பயிருங்க."

அது எல்லோருக்கும் தெரியும். கதிர் தண்டுக்குள் இருக்கிற நேரத்தில் வயலில் யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள். வீரையனின் வீட்டில் அந்த வாரம் முழுக்கக் கவிச்சி சமைக்கவில்லை.

"வரப்போரமா போவலாம்ல?"

"வரப்பு ஒரு ஆளத் தாங்காது. நாங்க ஆறு பேரு, மேல பெட்டி. நீ வந்து தோள் குடு, பறந்து போவலாம்."

"மழை விடட்டுமே. நாளைக்குன்னா..."

எழில்மொழி குடையை மடக்கினாள். "வீரையண்ணே, இங்க பெட்டிகிட்ட வாங்க. வந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க. அப்பறம் நாளைக்குன்னு சொல்லுங்க."

அவன் வரவில்லை. வயலையே பார்த்தான். மதகுக்கு நேராக எங்கேயோ இருக்கவேண்டியதைக் கண்ணால் தேடினான். அவன் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அன்னைக்கு நீங்கதான வாத்தியாரே நின்னீங்க?"

"நான்தான் நின்னேன்."

"மிசின்காரன்ட்ட சொல்லலையா?"

"நீ எங்கிட்ட சொல்லலையே வீரையா."

"என்னன்னு சொல்றது?"

மழை பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"நட்டதுலேர்ந்து தெனம் வந்து பாக்குறியே," என்றான் ரெத்தினம். "ஒனக்குக் கண்ணு எங்க போச்சு?"

"பயிரு நல்லாருக்குன்னுதான் பாத்தேன்." வீரையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துண்டு முகத்தைவிட ஈரமாக இருந்தது. "சவரியக்கா எறங்கியிருந்தா விட்டிருப்பாங்க."

"அவங்கதான் உள்ள இருக்காங்க. கேட்டுச் சொல்லவா?"

"ரெத்தினம்," என்றார் அடைக்கலம்.

"பேசுறதுன்னா சீக்கிரம் பேசுங்க வாத்தியாரே. தோள் போவுது. சேத்துல எறக்கி வச்சா திரும்பத் தூக்க முடியாது."

வீரையனிடம் என்ன கேட்பது என்று அடைக்கலத்துக்குத் தெரியவில்லை. பயிரை மிதித்துப் போங்கள் என்று சொல்வதற்கு வயல் அவருடையது இல்லை. அவர் சுரூபத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். வீரையன் அதற்குள் மதகுக் கட்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டான். முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒரே நேராப் போங்க," என்றான். "பரத்தி மிதிக்காதீங்கடா."

இறங்கினார்கள். முதல் அடியிலேயே முழங்கால்வரை போயிற்று. தண்டு ஒடிகிற சத்தம் நெருக்கமாகக் கேட்டது, சுள்ளி ஒடிவதுபோல இல்லை, நிறைய பேர் எதையோ மென்றால் கேட்பதுபோல. பச்சை வாசனை கிளம்பிப் பெட்டியின் வாசனையோடு கலந்தது. ரெத்தினம் காலை எடுக்கும் முன் "ம்" என்றான். மற்றவர்களும் "ம்" என்று எடுத்தார்கள். முன்னால் போனவர்களின் கால்கள் சாய்த்ததைப் பின்னால் வந்தவர்களின் கால்கள் சேற்றுக்குள் அமுக்கின. அடைக்கலம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். பிளந்த தண்டு ஒன்றுக்குள் கதிர் வெள்ளையாக, நூல் நூலாக மடிந்திருந்தது.

பாதி வயல் தாண்டியிருக்கும். இடது பக்கம் நடுவில் தூக்கியவனுக்குக் கால் ஏதோ வளைக்குள் போய்விட்டது. அவன் உட்கார்ந்தான். தூம்பா அந்தப் பக்கமாகச் சரிந்து பயிரின் மேல் இறங்கியது. பெட்டியின் கால்மாட்டு மூலை தண்ணீருக்குள் போயிற்று. கயிறு இருந்ததால் முழுக்கப் புரளவில்லை. பலகை இடுக்கில் குமிழி குமிழியாக வந்தது.

"அம்மா," என்றாள் எழில்மொழி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

தூக்கியபோது முன்னைவிடக் கனமாக இருந்தது. உட்கார்ந்தவனால் காலை ஊன்ற முடியவில்லை. அடைக்கலம் சுரூபத்தை எழில்மொழியிடம் கொடுத்துவிட்டு அவன் இடத்தில் தோள் கொடுத்தார். அவர் இதுவரை தூம்பா தூக்கியதில்லை. குருமடத்துப் பையன் என்று சின்ன வயதில் விடவில்லை. பிறகு வாத்தியார் என்று விடவில்லை. சட்டம் கழுத்தெலும்பில் உட்கார்ந்தது. பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் ஒவ்வோர் அடிக்கும் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

குழியில் தண்ணீர் முக்கால்வாசி நின்றது. ரெத்தினத்தின் மச்சான் வாளியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தான். "ஊத்தா வருது. எறைக்க எறைக்க ஏறுது," என்றான்.

கயிறு கொடுத்து இறக்கினார்கள். பெட்டி இறங்கியது, தண்ணீரைத் தொட்டது, அங்கேயே நின்றது. கயிற்றை உருவியதும் மெதுவாகத் திரும்பிக் குழியின் ஒரு பக்கச் சுவரில் முட்டியது. மம்மட்டியால் இரண்டு பேர் சேற்றை வாரிப் போட்டார்கள். சேறு மூடியின் மேல் விழுந்து இருபக்கமும் வழிந்தது. பெட்டி அமுங்கி, உடனே மேலே வந்தது.

"கல்லு ஏதாவது வைக்கணும்," என்றாள் எழில்மொழி.

இந்தப் பக்கம் ஏது கல். நல்ல மண் என்று ஊர் பேசிக்கொள்ளும் மண்ணில் ஒரு கைப்பிடிக் கல் கிடைக்காது. கரை மேல் மணல்மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். உடைப்பு எடுத்துவிடக் கூடாது என்று அடுக்கியவை. ரெத்தினம் அவற்றைப் பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்தான். மூட்டைகளைத் தொடவில்லை.

"யாராவது மேல ஏறி நிக்கணும்," என்றான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நான் நிக்கிறேன்," என்றார் அடைக்கலம்.

"வேணாம் வாத்தியாரே."

"நான் நிக்கிறேன்."

இருபக்கமும் கையைப் பிடித்து அவரை இறக்கினார்கள். அவர் அக்காவின் பெட்டி மேல் நின்றார். பெட்டி அவரோடு சேர்ந்து கீழே போயிற்று. தண்ணீர் அவருக்கு இடுப்புவரை வந்தது. காலடியில் பலகை வளைந்துகொடுத்தது. ஒரு பக்கம் கனம் கூடினால் மறுபக்கம் எழும்பியது. அவர் காலை அகட்டி நடுவில் நின்றுகொண்டார். சேற்றை அவரைச் சுற்றிப் போடத் தொடங்கினார்கள்.

"செபத்தச் சொல்லுங்க."

வாயில் வந்தது லத்தீன். பழைய கல்லறைச் செபத்தை அவர் தலையிலிருந்து சொன்னார். ஒரு உருபும் தவறவில்லை. அவர் நிறுத்தியபோது மம்மட்டிகளும் நின்றன. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"தமிழ்ல சொல்லுங்க வாத்தியாரே," என்றான் ரெத்தினம். "நாங்க பதில் சொல்ல வேணாமா?"

தமிழில் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னார்கள். ஒரு பதில், ஒரு மம்மட்டிச் சேறு. எழில்மொழி கையாலேயே அள்ளிப் போட்டாள். தண்ணீர் பிதுங்கி மேலே வந்து குழியைத் தாண்டி ஓடியது. சேறு அவர் முழங்காலுக்கு வந்து, தொடைக்கு வந்தது. கீழேயிருந்து தள்ளிக்கொண்டிருந்தது மெல்ல நின்றுபோனதை உள்ளங்காலில் உணர்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அவரை இழுத்து வெளியே எடுத்தார்கள். அவர் நின்ற இடத்தில் இரண்டு பள்ளம் இருந்து, நிரம்பியது.

மேலே மண் குவித்துப் பார்த்தார்கள். குவிக்கக் குவிக்கச் சரிந்தது. தரை மட்டத்தோடு விட்டுவிட்டு மரச் சிலுவையை ஊன்றினார்கள்.

காலித் தூம்பாவோடு அதே தடத்தில் திரும்பினார்கள். வீரையன் மதகில் இல்லை.

மறுநாள் மழை இல்லை. எழில்மொழிக்கு டூட்டி இருந்தது. காலை பஸ்ஸில் போனாள். ரெத்தினம் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பெட்டி மேலே வரவில்லை என்றான். வீரையன் மிதிபட்ட பயிரில் சில தூரை நிமிர்த்திக் கட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. அரிவாளை எடுத்து அறுக்கத் தொடங்கினான். அடைக்கலம் வீட்டிலிருந்து இன்னொரு அரிவாள் எடுத்துப் போய்க் கரைப் பக்கத்திலிருந்து அறுத்தார். வேண்டாம் என்று வீரையன் சொல்லவில்லை. அறுத்ததை வரப்பில் போட்டுத் தண்ணீர் வடிந்ததும் கட்டுக் கட்டி மாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் குருமடத்திலிருந்து போன் வந்தது. ஆறுதல் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றார். கையில் அரிவாள் வெட்டு ஒன்று பட்டிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தார்.